செவிலியரின் மனு எங்கே போக வேண்டும்: கவுன்சிலும் சங்கமும் தொழிற்சங்கமும்

ராத்திரி டூட்டியில் நாற்பது நோயாளிகளுக்கு ஒரே செவிலியர். கைக்கு வரும் சம்பளம், சேரும்போது சொன்னதைவிடக் குறைவு. வேலையை விட்டுப் போகலாம் என்றால் அசல் சான்றிதழ்கள் நிர்வாகத்தின் பீரோவில் இருக்கின்றன. தனியார் மருத்துவமனைகளில் வேலை பார்க்கும் செவிலியர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் மூன்று குறைகள் இவை. மூன்றையும் ஒரே மனுவில் எழுதி, தங்களுக்குப் பதிவு எண் கொடுத்த நர்சிங் கவுன்சிலுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருப்பவர்கள் நிறையப் பேர். பதில் வராததற்குக் காரணம் பெரும்பாலும் அலட்சியம் அல்ல. ஒரு மருத்துவமனையின் சம்பளப் பட்டியலைத் திருத்தச் சொல்லும் அதிகாரம் கவுன்சிலுக்குச் சட்டத்தில் இல்லை.

செவிலியர்களுக்கான அமைப்புகள் மூன்று வகை: பதிவு கொடுக்கும் கவுன்சில், தொழில்முறைச் சங்கம், தொழிற்சங்கம். மூன்றின் அதிகாரமும் வேறு, கடமையும் வேறு. இந்த வேறுபாடு தெரியாததால் வீணாகும் காலமும் உழைப்பும் அதிகம்.

கவுன்சில் யாருக்காக

சென்னை மாகாணத்தில் செவிலியர், பேறுகாலத் தாதியர் சட்டம் 1926-இல் வந்தது. அதன் வழியில் வந்ததுதான் இன்றைய தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் கவுன்சில். தேசிய அளவில் 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இந்திய நர்சிங் கவுன்சில் உருவானது. 1947 சட்டத்துக்கு மாற்றாக, தேசிய ஆணையமும் மாநில ஆணையங்களும் அமைக்க வழிசெய்யும் தேசிய செவிலியர், பேறுகாலப் பராமரிப்பு ஆணையச் சட்டத்தை நாடாளுமன்றம் 2023-இல் நிறைவேற்றியது.

பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான்: யார் செவிலியராகப் பணியாற்றலாம் என்று பதிவேடு வைத்திருப்பது, கல்லூரிகளின் பாடத்திட்டத்தையும் தரத்தையும் கவனிப்பது, தொழில் ஒழுக்கத்தை மீறியவரின் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்குவது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிப்பதும், வேறு மாநிலத்துக்குப் போகத் தடையின்மைச் சான்று வாங்குவதும், வெளிநாட்டு வேலைக்குப் பதிவுச் சரிபார்ப்பு வாங்குவதும் இங்கேதான். கவுன்சில் இருப்பது நோயாளியின் பாதுகாப்புக்காக. செவிலியர்மீது புகார் வந்தால் விசாரிக்கும் இடத்தில் அது இருக்கிறது. அதே அமைப்பு செவிலியருக்காக வாதாடவும் வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம் ஆகாது.

சான்றிதழ் விஷயத்துக்கும் கவுன்சில் கடைசிப் புகலிடம் இல்லை. கல்விச் சான்றிதழ் விற்பனைச் சரக்கு அல்ல, அதை ஈடாகப் பிடித்து வைக்க ஒப்பந்தச் சட்டம் இடம் தராது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதைச் சுட்டிக்காட்டி எழுத்தில் திருப்பிக் கேட்பது, மறுத்தால் வழக்கறிஞர் நோட்டீஸ், அதன்பின் காவல் நிலையம் அல்லது நீதிமன்றம் என்பதே வழி. சேரும்போதே அசலுக்குப் பதில் சான்றொப்பமிட்ட நகல் கொடுப்பது எல்லாவற்றையும்விட நல்லது. அசல் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், எந்தெந்தச் சான்றிதழ் என்று பட்டியலிட்டு முத்திரையோடு ஒப்புகை வாங்காமல் கொடுக்கக் கூடாது. ஒப்புகை இல்லாதபோது, "எங்களிடம் எதுவும் இல்லை" என்ற ஒரு வரியில் நிர்வாகம் தப்பித்துவிடும்.

ஒரு சங்கம் நீதிமன்றம் போனபோது

தொழில்முறைச் சங்கத்துக்கு நம்மிடம் உள்ள மூத்த உதாரணம் இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம், அதாவது டி.என்.ஏ.ஐ. 1905-இல் லக்னோவில் நர்சிங் கண்காணிப்பாளர்களின் சங்கமாகத் தொடங்கிய முயற்சி, 1908-இல் உருவான செவிலியர் சங்கத்தோடு 1922-இல் இணைந்தது. 1912-லேயே உலக செவிலியர் பேரவையில் சேர்ந்துவிட்டது. மாநாடு, ஆய்விதழ், தொடர் கல்வி, மாணவர் கிளை, அரசுக் குழுக்களில் கருத்துச் சொல்வது ஆகியவை இதன் வழக்கமான வேலைகள். சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவான அமைப்பு இது. தொழிற்சங்கம் அல்ல.

ஆனாலும் தனியார் செவிலியர் சம்பளத்தில் இந்தியாவின் முக்கியமான வழக்கைப் போட்டது இந்தச் சங்கம்தான். 2011-இல் உச்ச நீதிமன்றத்தில் தாக்கலான அந்த மனுமீது 2016 ஜனவரி 29 அன்று தீர்ப்பு வந்தது. குழு அமைத்துப் பரிந்துரை தாருங்கள் என்று மத்திய அரசுக்கு நீதிமன்றம் உத்தரவிட்டது. சுகாதாரப் பணிகள் தலைமை இயக்குநர் ஜகதீஷ் பிரசாத் தலைமையிலான குழு படுக்கை எண்ணிக்கையை அளவுகோலாக எடுத்துக்கொண்டது. 200 படுக்கைக்கு மேல் என்றால் அதே நிலையிலுள்ள மாநில அரசு செவிலியருக்கு இணையான சம்பளம். 100-க்கு மேல் என்றால் அதைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. 50 முதல் 100 வரை என்றால் 25 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. 50-க்குக் கீழே எவ்வளவு சிறிய மருத்துவமனையானாலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. விடுப்பு, வேலை நேரம், மருத்துவ வசதி, போக்குவரத்து, தங்குமிடம் எல்லாம் அரசு செவிலியருக்கு உள்ளபடி.

பரிந்துரை நியாயமானது, கணக்கும் தெளிவானது. ஆனால் அது பரிந்துரை மட்டுமே. மருத்துவமனைகள் மாநிலப் பட்டியலில் வருபவை. மத்திய அரசு மாநிலங்களுக்கு வழிகாட்டுதலாக அனுப்பிவைத்தது, அங்கேயே பல மாநிலங்களில் அது கோப்பாகிவிட்டது. சட்ட பலம் கொடுக்க வேண்டுமானால் மாநில அரசு குறைந்தபட்ச ஊதிய அறிவிக்கை வெளியிட வேண்டும், அல்லது தனிச் சட்டம் கொண்டுவர வேண்டும். அறிக்கை எழுதியவர்களால் அதைச் செய்ய முடியாது.

கேரளத்தில் அது நடந்தது. 2011-க்குப் பிறகு அங்கே தனியார் செவிலியர்கள் ஐக்கிய செவிலியர் சங்கம் என்ற தொழிற்சங்கம் உள்ளிட்ட அமைப்புகளில் திரண்டு, மருத்துவமனை மருத்துவமனையாக வேலைநிறுத்தம் செய்தார்கள். 2017 ஜூலையில் மாநிலம் தழுவிய போராட்டம் நெருங்கியபோது முதல்வர் பினராயி விஜயன் நடத்திய பேச்சில், சிறிய மருத்துவமனைக்கும் 20,000 ரூபாய் என்ற எண் ஏற்கப்பட்டது. 2018 ஏப்ரலில் அது குறைந்தபட்ச ஊதிய அறிவிக்கையாக வெளிவந்தது. படுக்கை கூடக்கூடக் கூடுதல் படியும் உண்டு. நிர்வாகங்கள் உயர் நீதிமன்றம் போயின. அதன்பிறகும் அறிவிக்கையை அமல்படுத்த வைக்க இடத்துக்கு இடம் தனிப் போராட்டம் தேவைப்பட்டது.

அந்த 20,000 என்ற எண், தொழில்முறைச் சங்கத்தின் வழக்கால் அமைந்த குழுவின் அறிக்கையில் இருந்தது. தெருவில் நின்றவர்களின் கையில் அது கோரிக்கையாயிற்று. எண் இல்லாமல் போராடியிருந்தால் "கொஞ்சம் கூட்டித் தருகிறோம்" என்பதோடு முடிந்திருக்கும். போராட்டம் இல்லாமல் எண் மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு மற்ற மாநிலங்கள் சாட்சி. இரண்டு வகை அமைப்பும் ஒன்றையொன்று தாழ்வாகப் பார்க்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. சங்கத்தார் கோஷம் போடுவதைத் தொழிலுக்கு அழகல்ல என்பார்கள். யூனியன்காரர்கள் மாநாட்டையும் ஆய்விதழையும் வெட்டிவேலை என்பார்கள். இரு தரப்பும் தவறு.

வார்டு கணக்கு

ஆள் பற்றாக்குறை விஷயத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். "ஆள் போதவில்லை" என்ற மனுவை எந்த நிர்வாகமும் எளிதாக ஒதுக்கிவிடலாம். எத்தனை பேர் வேண்டும், எந்த நெறியின்படி என்று எழுதினால் ஒதுக்குவது கடினம்.

மத்திய நிதி அமைச்சகத்தின் பணியாளர் ஆய்வுப் பிரிவு 1990-களின் தொடக்கத்தில் வகுத்த நெறி, பொது வார்டுக்கு 6 படுக்கைக்கு ஒரு செவிலியர், குழந்தைகள் வார்டு, தீக்காயப் பிரிவு போன்ற சிறப்பு வார்டுகளுக்கு 4-க்கு ஒருவர், தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு படுக்கைக்கு ஒருவர் என்கிறது. வார விடுப்பு, ஈட்டிய விடுப்பு, மகப்பேறு விடுப்பு ஆகியவற்றை ஈடுகட்ட இதன்மேல் 45 சதவீதம் கூடுதல் பணியிடம். இந்திய நர்சிங் கவுன்சிலின் நெறி வேறு: கற்பித்தல் மருத்துவமனையில் 3 படுக்கைக்கு ஒருவர், பொது மருத்துவமனையில் 5-க்கு ஒருவர், அதன்மேல் 30 சதவீதம் விடுப்பு இருப்பு.

கோரிக்கை எழுதும்போது அடிக்கடி நேரும் கோளாறு, விகிதம் ஒரு ஷிஃப்டுக்கா, மொத்தப் பணியிடத்துக்கா என்று குறிப்பிடாமல் விடுவது. 30 படுக்கை வார்டை எடுத்துக்கொள்வோம். 6-க்கு ஒருவர் என்பதை ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் கொண்டால் ஷிஃப்டுக்கு 5 பேர், மூன்று ஷிஃப்டுக்கு 15 பேர், 45 சதவீதம் சேர்த்தால் 22 பேர். அதையே மொத்தப் பணியிடத்துக்கு என்று கொண்டால் 5 பேர், கூடுதல் சேர்த்தும் 7 பேர். அந்த ஏழு பேரில் விடுப்பில் போனவர், ராத்திரி டூட்டி முடித்து ஓய்விலிருப்பவர் போக, இரவில் நிற்பது ஒருவர்தான். ஒரே விகிதம், ஒரு சொல் விடுபட்டதால் 15 பணியிட வேறுபாடு. "ஒவ்வொரு ஷிஃப்டிலும், நோயாளி அருகில் பணியாற்றும் செவிலியர், வார்டு பொறுப்பாளர் நீங்கலாக" என்று எழுத வேண்டும். பொறுப்பாளரையும் பயிற்சி மாணவியரையும் கணக்கில் சேர்த்து விகிதம் சரியாக இருக்கிறது என்று காட்டுவது பழைய உத்தி.

இது வெறும் வேலைச்சுமைப் பிரச்சினை அல்ல. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளை வைத்து லிண்டா ஐக்கனும் குழுவினரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போதெல்லாம் அறுவை சிகிச்சை நோயாளிகள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுவது தெரிந்தது. அதற்கு முன்பே கலிஃபோர்னியாவில் செவிலியர் தொழிற்சங்கத்தின் நெடுநாள் வற்புறுத்தலால் 1999-இல் விகிதச் சட்டம் நிறைவேறி, 2004-இல் அமலுக்கு வந்தது. பொது வார்டில் 5 பேருக்கு ஒருவர், தீவிர சிகிச்சைப் பிரிவில் 2 பேருக்கு ஒருவர் என்பது அங்கே நெறியல்ல, சட்டம். ஆய்வு நடத்துவது ஆய்வாளர் வேலை, அதைப் பணியிடமாக மாற்றுவது அமைப்பின் வேலை.

ஆள் குறைந்த ஷிஃப்டில் தனிச் செவிலியர் செய்ய வேண்டியதும் உண்டு. டூட்டி தொடங்கும்போது ரிப்போர்ட் புத்தகத்தில் நோயாளிகள் எத்தனை, கவலைக்கிடமானவர்கள் எத்தனை, பணியிலிருக்கும் செவிலியர் எத்தனை, கூடுதல் ஆள் கேட்டு யாருக்கு எத்தனை மணிக்குச் சொன்னோம், என்ன பதில் வந்தது என்று நான்கு வரி எழுதிவைக்க வேண்டும். மாதக் கடைசியில் இந்த வரிகளைத் தொகுத்தால் அதுவே யூனியனின் ஆதாரம். நோயாளி பெயரோ கேஸ் ஷீட்டின் படமோ அதில் வரக் கூடாது. அப்படிப் படம் எடுப்பது இரகசியக் காப்பை மீறிய குற்றமாகி, புகார் செய்தவர்மீதே கவுன்சில் விசாரணை வரலாம்.

தொழிற்சங்கம் தொடங்குவது

சென்னையில் 1918-இல் வாடியாவும் திரு.வி.க.வும் மில் தொழிலாளர்களைத் திரட்டியபோது தொழிற்சங்கத்துக்குச் சட்டப் பாதுகாப்பே கிடையாது. 1926-இல்தான் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. அந்தச் சட்டமும், தொழில் தகராறுகள் பற்றிய 1947-ஆம் ஆண்டுச் சட்டமும் இப்போது தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு 2020-க்குள் அடங்கிவிட்டன. அது 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. மருத்துவமனையும் தொழில் நிறுவனம்தான் என்பது 1978-இல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நிலை. புதிய தொகுப்போ, முழுக்கவோ பெரும்பகுதியோ தரும காரியத்தில் ஈடுபட்ட அமைப்புகள் நடத்தும் நிறுவனங்களை வெளியே வைக்கிறது. அறக்கட்டளை பெயரில் இயங்கி முழுக் கட்டணம் வாங்கும் மருத்துவமனைகள் இந்த விலக்கைக் கேட்டு முதல் தடை போடும் என்று எதிர்பார்க்கலாம். கட்டணப் பட்டியல், ரசீதுகள், இலவசப் படுக்கைகளின் எண்ணிக்கை ஆகியவற்றை முன்கூட்டியே சேர்த்து வைத்திருக்க வேண்டும்.

பதிவு செய்ய ஏழு பேர் கையெழுத்திட்டால் போதும். ஆனால் அந்த நிறுவனத்தின் தொழிலாளர்களில் 10 சதவீதம் அல்லது 100 பேர், இரண்டில் எது குறைவோ, அத்தனை பேர் உறுப்பினராக இருக்க வேண்டும். 300 செவிலியரும் 400 மற்றப் பணியாளரும் உள்ள இடத்தில் 70 பேர் தேவை. மற்றவர்களை விட்டுவிட்டுச் செவிலியர் மட்டும் சங்கம் தொடங்கினாலும் கணக்கு மொத்த எண்ணிக்கையில்தான். இதைக் கவனிக்காமல் 30 பேரோடு விண்ணப்பித்தால் விண்ணப்பம் தள்ளுபடியாவதோடு, 30 பெயரும் வெளியே வந்துவிடும். பதிவுக்கு முந்தைய வாரங்கள்தான் ஆபத்தான காலம்: இடமாற்றம், ஒப்பந்தம் முடிந்தது என்ற கடிதம், முன்னணியில் நிற்பவருக்குத் திடீர்ப் பதவி உயர்வு. மேற்பார்வைப் பணியில் இருந்து மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவர் தொகுப்பின்படி தொழிலாளர் இல்லை. "டீம் லீடர்" என்று பெயர் மாற்றிவிட்டால் சட்டப் பாதுகாப்பு போய்விடும் என்ற கணக்கில் அது வரும். நீதிமன்றங்கள் பதவிப் பெயரைவிட உண்மையில் செய்யும் வேலையைத்தான் பார்க்கின்றன. விடுப்பு அனுமதிக்கும் அதிகாரமோ நடவடிக்கை எடுக்கும் அதிகாரமோ இல்லாமல் ஊசி போட்டுக்கொண்டும் மருந்து கொடுத்துக்கொண்டும் இருப்பவர், பெயரில் என்ன இருந்தாலும், தொழிலாளரே என்று வாதிடலாம். ஆகவே பதவி உயர்வுக் கடிதம் வந்தால் பணி விவரத்தை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

ஒரே நிறுவனத்தில் பல சங்கம் இருந்தால், 51 சதவீத ஆதரவுள்ள சங்கத்துக்கே நிர்வாகத்தோடு பேசும் உரிமை. யாருக்கும் 51 இல்லாவிட்டால் 20 சதவீதத்துக்குக் குறையாத சங்கங்கள் சேர்ந்த பேச்சுக் குழு. செவிலியருக்கென்று மூன்று சிறு சங்கம் இருந்து, மூன்றும் 20-ஐத் தொடாவிட்டால், யாரும் மேசைக்குப் போக முடியாது.

வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். முன்னறிவிப்பு கிடைத்ததும் சமரச அதிகாரி கூட்டும் முதல் கூட்ட நாளிலிருந்து சமரச நடவடிக்கை தொடங்கியதாகக் கொள்ளப்படும். அது நடக்கும்வரையும், முடிந்து 7 நாள்வரையும் வேலைநிறுத்தம் கூடாது. சட்டப்படி வேலைநிறுத்தம் செய்யக் கிடைக்கும் இடைவெளி மிகக் குறுகியது என்பதே இதன் பொருள். பாதிப் பேரோ அதற்கு மேலோ ஒரே நாளில் சேர்ந்து தற்செயல் விடுப்பு எடுத்தாலும் அது வேலைநிறுத்தமே. "சி.எல். போட்டுவிட்டு வீட்டில் இருப்போம்" என்ற பழைய வழி அடைபட்டுவிட்டது. மறுபக்கம் ஒரு நன்மையும் உண்டு. சமரசம் நடக்கும் காலத்தில் தகராறுக்குரிய பணி நிலைமைகளை நிர்வாகம் தன்னிச்சையாக மாற்றக் கூடாது. அனுபவமுள்ள யூனியன்கள் முன்னறிவிப்பைப் பெரும்பாலும் பேச்சு மேசையைக் கூட்டுவதற்காகவே கொடுக்கின்றன.

நிறுத்தம் வந்தேவிட்டால் தீவிர சிகிச்சை, டயாலிசிஸ், பிரசவ அறை, அவசரப் பிரிவு ஆகியவற்றுக்கு யார் யார் டூட்டியில் இருப்பார்கள் என்ற பட்டியலை யூனியனே எழுத்தில் முன்கூட்டித் தர வேண்டும். பிரிட்டனின் ராயல் நர்சிங் கல்லூரி 2022 டிசம்பரில் இங்கிலாந்தில் வேலைநிறுத்தம் செய்தபோது, உயிர்காக்கும் பிரிவுகளுக்கு இப்படித்தான் விலக்கு அளித்தது. 1916-இல் தொழில்முறை அமைப்பாகத் தொடங்கி, 1977-இல் தொழிற்சங்கமாகவும் பதிவு செய்துகொண்ட அமைப்பு அது. ஒரே அமைப்பு இரு வேலையையும் செய்ய முடியும் என்பதற்கு அதுவே சான்று.

அரசு செவிலியர் நிலை

அரசுப் பணியில் விதி வேறு. தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகள் 1973-இன் 22-ஆம் விதி வேலைநிறுத்தத்தைத் தடுக்கிறது. 2003-இல் ஏறத்தாழ 1.7 லட்சம் அரசு ஊழியர்கள் பணிநீக்கம் செய்யப்பட்ட வழக்கில், வேலைநிறுத்தம் அரசு ஊழியரின் அடிப்படை உரிமை அல்ல என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சங்கம் அமைக்கும் உரிமை அரசியல் சட்டத்தில் இருக்கிறது, ஆனால் கையில் இருப்பது கோரிக்கை மனு, தர்ணா, ரிட் மனு ஆகியவையே.

இதில் அதிகம் தவித்தவர்கள் தொகுப்பூதியச் செவிலியர்கள். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் (எம்.ஆர்.பி.) 2015-இல் நடத்திய தேர்வின் வழியாக ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர் பணியிடங்கள் நிரப்பப்பட்டன. தேர்வு எழுதி, இட ஒதுக்கீட்டு முறைப்படி தேர்வாகி வந்தவர்களுக்கு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். அருகில் அதே வார்டில் அதே வேலையைச் செய்யும் நிரந்தரச் செவிலியருக்குக் காலமுறை ஊதியம். இரண்டு ஆண்டில் நிரந்தரம் என்ற நம்பிக்கை நிறைவேறாதபோது, 2017 நவம்பர் இறுதியில் சென்னையில் மருத்துவத் துறை இயக்குநரகங்கள் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கானோர் அமர்ந்தார்கள். உயர் நீதிமன்றம் தலையிட்டுப் போராட்டத்தை நிறுத்தச் சொன்னது. ஆனால் அதன்பிறகே ஊதியம் 14,000 ஆகவும், பின்னர் 18,000 ஆகவும் உயர்ந்தது. நிரந்தரம் தவணை தவணையாகவே வந்தது. தமிழ்நாடு எம்.ஆர்.பி. செவிலியர்கள் மேம்பாட்டுச் சங்கம் போராட்டத்தோடு நிற்காமல், சம வேலைக்குச் சம ஊதியம் கேட்டு நீதிமன்றத்திலும் வழக்கைத் தொடர்ந்து நடத்தியது முக்கியம். கூட்டம் கலைந்தாலும் வழக்கு எண் கலையாது.

இத்தகைய வழக்கில் ஜெயிப்பதும் தோற்பதும் காகிதத்தில் இருக்கிறது. தேர்வு அறிவிக்கை, பணி நியமன ஆணை, நிரந்தரம் பற்றிய அரசாணை, ஒரே டூட்டி ரோஸ்டரில் நிரந்தரச் செவிலியர் பெயரும் தொகுப்பூதியச் செவிலியர் பெயரும் மாறி மாறி வரும் பக்கங்கள் ஆகியவற்றைப் பணியில் சேர்ந்த நாளிலிருந்தே சேர்த்து வைக்க வேண்டும். கொரோனா காலத்தில் அவசரமாக எடுக்கப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர்களின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31-உடன் முடித்துவைக்கப்பட்டபோது, நியமனம் எந்த அடிப்படையில் நடந்தது என்பதே வாதத்தின் மையமாயிற்று.

தவறு நேர்ந்துவிட்டால்

மருந்தின் அளவு மாறிப்போய் ஒரு நோயாளி இறந்தால், செவிலியர்மீது ஒரே நேரத்தில் பாயக்கூடியவை பல: நிர்வாகத்தின் மெமோ, நுகர்வோர் வழக்கு, கவுன்சில் விசாரணை, காவல் நிலையம். மெமோவுக்கு அன்றைக்கே பதற்றத்தில் விளக்கம் எழுதித் தருவதுதான் பெரிய சேதம். "கவனக்குறைவாக இருந்துவிட்டேன், மன்னிக்கவும்" என்று நிர்வாகம் சொல்லச் சொல்ல எழுதிய கடிதம் நான்கு இடத்திலும் சாட்சியமாக வரும். கால அவகாசம் கேட்டு ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டு, அமைப்பின் பிரதிநிதியையும் வழக்கறிஞரையும் பார்த்த பிறகே பதில் எழுத வேண்டும். அன்று அந்த ஷிஃப்டில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று ரிப்போர்ட் புத்தகத்தில் எழுதிய நான்கு வரி இங்கே உதவும்.

சட்டமும் செவிலியருக்குச் சாதகமாக இல்லை. இந்திய தண்டனைச் சட்டத்துக்கு மாற்றாக 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு, அலட்சியத்தால் மரணம் விளைவிப்பவருக்கு ஐந்தாண்டு வரை சிறை என்கிறது. பதிவு பெற்ற மருத்துவர் சிகிச்சையின்போது அப்படிச் செய்தால் இரண்டாண்டு வரை. பதிவு பெற்ற மருத்துவர் யார் என்பதற்கு அந்தப் பிரிவு 2019-ஆம் ஆண்டு தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தைச் சுட்டுகிறது. அந்த வரையறைக்குள் செவிலியர் இல்லை. ஒரே அறையில், ஒரே நோயாளிக்கு, மருத்துவர் எழுதியதைச் செவிலியர் செலுத்தும்போது நேர்ந்த மரணத்தில் இருவருக்கும் அதிகபட்சத் தண்டனை வேறு வேறு. மருத்துவர்களுக்கான இந்தத் தளர்வு இந்திய மருத்துவச் சங்கத்தின் கோரிக்கையால் வந்தது என்று உள்துறை அமைச்சர் மக்களவையிலேயே சொன்னார்.

இந்தப் பிரிவைத் திருத்துவது மாநில கவுன்சிலின் வேலை அல்ல, ஒரு மருத்துவமனையின் யூனியனால் ஆவதும் அல்ல. நாடாளுமன்றம்தான் திருத்த வேண்டும். செவிலியர் பதிவேட்டில் உள்ளவர்களையும் அந்த வரையறையில் சேர்க்கும் வாசகத்தை எழுதி, அமைச்சகத்திடமும் நாடாளுமன்ற நிலைக்குழுவிடமும் கொடுத்துத் தொடர்ந்து கேட்க வேண்டியது அகில இந்தியத் தொழில்முறைச் சங்கம். அதற்குப் பின்னால் மாநிலத்துக்கு மாநிலம் எம்.பி.க்களைப் பார்த்து அழுத்தம் தர வேண்டியவை தொழிற்சங்கங்கள்.